ஸ்க்ரமின் வலிமை எடையில் இருக்கிறதா?

ரக்பி ஆட்டம் வேரூன்றிய நாடுகளில் ஒவ்வோர் ஆட்டப் பருவமும் தொடங்குவதற்கு முந்தைய வாரம் சூடான வாக்குவாதம் ஒன்று நடப்பது வழக்கம். வேல்ஸ், நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா, பிரான்சின் தென்பகுதி என்று எங்கே போனாலும் இதைக் கேட்கலாம். முதல் ஆட்டத்துக்கு யாரைச் சேர்க்க வேண்டும், யாரை விட்டுவிட வேண்டும் என்று தொடங்கும் பேச்சு, சற்று நேரத்தில் ஸ்க்ரமில் வந்து நிற்கும். "நம் எட்டுப் பேரும் சேர்ந்து 900 கிலோகிராம், எதிரணி 870 கிலோகிராம்தான். முதல் ஸ்க்ரமிலேயே அவர்களைத் தள்ளிவிடுவோம்" என்பார் ஒருவர். "அப்படியானால் இன்னும் கனமான ஆளாகப் பார்த்து ஒருவரைச் சேர்த்தால் 920 ஆகிவிடுமே" என்பார் இன்னொருவர். நாளேடுகளும் இரு அணியினரின் எடையைப் பட்டியல் போட்டு இந்தக் கணக்குக்குத் துணை நிற்கும்.

இந்தக் கூட்டல் கணக்கு தவறானது என்பது என் கருத்து. தவறு என்பதோடு விட்டுவிடவும் முடியாது. இதை நம்பி அணி சேர்த்தால், பள்ளிப் பருவத்து ஆட்டக்காரர்களின் கழுத்தெலும்புக்கு அது ஆபத்தாக முடியும். நீங்கள் படிக்கும் இயற்பியலைக் கொண்டே இதை விளக்க முடியும்.

ஸ்க்ரம் என்றால் என்ன?

முதலில் ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். ரக்பியில் அணிக்கு 15 பேர். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடலாம். ஆனால் முன்பக்கமாக வீசக் கூடாது. பந்தைக் கை தவறி முன்னால் நழுவவிட்டால், ஆட்டத்தை மீண்டும் தொடங்குவதற்கான முறைதான் ஸ்க்ரம். இரு அணியிலும் எட்டெட்டுப் பேர் தோளோடு தோள் பிணைத்துக் குனிந்து, எதிரெதிரே முட்டி நிற்பார்கள். முன்வரிசையில் மூவர். அவர்களைப் பின்னாலிருந்து தள்ள இருவர். பக்கங்களிலும் கடைசியிலுமாக மூவர். இரு முன்வரிசைகளுக்கும் இடையே உள்ள வழியில் பந்து உருட்டிவிடப்படும். முன்வரிசையின் நடுவில் நிற்பவர் அதைக் காலால் பின்னோக்கி இழுப்பார்.

பந்து யாருக்கு என்பதோடு இது முடிவதில்லை. அழுத்தம் தாங்காமல் விதியை மீறி ஸ்க்ரமைச் சரியவிடும் அணிமீது நடுவர் தண்டனை விதிக்கலாம். அந்தத் தண்டனை உதை கோல் கம்பங்களுக்கிடையே சென்றால் 3 புள்ளிகள். பெரிய ஆட்டங்களே இதனால் முடிவாகியிருக்கின்றன. ஆகவே விசிறிகள் ஸ்க்ரமைப் பற்றிக் கவலைப்படுவதில் நியாயம் உண்டு. எதை அளக்கிறார்கள் என்பதில்தான் கோளாறு.

பிரைட்டனில் நடந்தது

2015-ஆம் ஆண்டு உலகக் கோப்பைப் போட்டியை எடுத்துக்கொள்வோம். செப்டம்பர் 19 அன்று இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் தென்னாப்பிரிக்காவும் ஜப்பானும் தங்கள் முதல் ஆட்டத்தில் மோதின. தென்னாப்பிரிக்கா 1995, 2007 ஆகிய ஆண்டுகளில் கோப்பையை வென்ற அணி. கனத்த ஆட்களுக்குப் பெயர் போனது. ஜப்பானோ அதற்கு முன் உலகக் கோப்பை வரலாற்றிலேயே ஒரே ஓர் ஆட்டத்தில்தான், 1991-இல் ஜிம்பாப்வேக்கு எதிராக, வென்றிருந்தது. எடைப் பட்டியலைப் பார்த்தவர்கள் முடிவை ஆட்டத்துக்கு முன்பே எழுதிவிட்டார்கள்.

ஜப்பானியப் பயிற்சியாளர் எடி ஜோன்ஸ், ஸ்க்ரமுக்கென்றே மார்க் டல் மாசோ என்ற பிரெஞ்சுக்காரரை வரவழைத்திருந்தார். எதிரணியைவிடத் தாழ்வாகக் குனிவது, எட்டுப் பேரும் ஒரே உடல்போல இறுகிப் பிணைவது, ஒரே கணத்தில் தள்ளுவது ஆகியவற்றில் அணி இடைவிடாமல் பழகியது.

ஆட்டம் முடியும் தறுவாயில் 32-29 என்று தென்னாப்பிரிக்கா முன்னணியில் இருந்தது. அப்போது ஜப்பானுக்குத் தண்டனை உதை ஒன்று கிடைத்தது. அதைக் கோலுக்கு உதைத்து 3 புள்ளிகள் பெற்றிருந்தால் ஆட்டம் சமன். அணித்தலைவர் மைக்கேல் லீச் அதை வேண்டாமென்று சொல்லி ஸ்க்ரமைக் கேட்டார்! ஸ்க்ரம் சரியாமல் நின்றது. பந்து வெளியே வந்து கைமாறிச் சென்றது. கார்ன் ஹெஸ்கெத் மூலையில் பாய்ந்து அதைத் தரையில் வைத்தார். 34-32 என ஜப்பான் வென்றது.

அந்த நேரத்தில் தென்னாப்பிரிக்க முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவர் மஞ்சள் அட்டை பெற்று வெளியேறியிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓர் ஆட்டத்தை மட்டும் காட்டி எதையும் நிறுவிவிட முடியாது. ஆனால் எடை குறைந்தவர்கள் தங்கள் ஸ்க்ரமை நம்பி அந்த முடிவை எடுத்தது எப்படி என்று கேட்கலாம் அல்லவா? விடை இயற்பியலில் இருக்கிறது.

யார் யாரைத் தள்ளுகிறார்கள்?

ஓர் அணி மற்றதைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்னேறும் அணி எதிரணிமீது செலுத்தும் விசை அதிகமா, பின்வாங்கும் அணி திருப்பிச் செலுத்தும் விசை அதிகமா? கல்லூரியில் முதலாண்டு மாணவர்களிடம் இதைக் கேட்டால் பாதிப் பேர் தயங்காமல் "முன்னேறும் அணியின் விசை" என்பார்கள். நியூட்டனின் மூன்றாம் விதியை நினைவுகூருங்கள். இரண்டும் சமம், எப்போதும் சமம். தோள்கள் சந்திக்கும் இடத்தில் வெற்றி தோல்வி கிடையாது.

பிறகு எப்படி ஓர் அணி முன்னேறுகிறது? அந்த அணியை மட்டும் தனியாக எடுத்துப் பாருங்கள். அதன்மீது கிடைமட்டமாக இரண்டு விசைகள் செயல்படுகின்றன. எதிரணி பின்னோக்கித் தள்ளுகிறது. தரை முன்னோக்கித் தள்ளுகிறது. காலணியின் குமிழ்கள் மண்ணைப் பின்னோக்கி அழுத்த, மண் அவர்களை முன்னோக்கித் தள்ளுகிறது. தரை தரும் விசை எதிரணி தரும் விசையை மிஞ்சினால் அணி முன்னேறும். ஸ்க்ரமில் உண்மையான போட்டி நடக்கும் இடம் காலடி மண்தான். மழையில் சேறான மைதானத்தில் 900 கிலோகிராமும் வழுக்கிக்கொண்டு போவதன் காரணம் இதுவே.

விசிறிகள் கூட்டுவது எடையை. எடை என்பது பூமியை நோக்கிச் செங்குத்தாகக் கீழே செயல்படும் விசை. ஸ்க்ரமுக்கு வேண்டியது கிடைமட்ட விசை. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவது உடல் நிற்கும் நிலை.

ஒரு சிறிய கணக்கு

60 கிலோகிராம் நிறையுள்ள மாணவன் ஒருவன் பழுதாகி நிற்கும் வேனைத் தள்ளுகிறான். அவன் எடை ஏறத்தாழ 600 நியூட்டன். முதலில் நிமிர்ந்து நின்று தள்ளுகிறான். அவன் கை வேனைத் தொடும் உயரம் 1.4 மீட்டர். அவனது ஈர்ப்பு மையம் பாதங்களுக்கு 0.2 மீட்டர் முன்னால் இருக்கிறது. வேன் திருப்பித் தரும் விசை அவனைப் பின்னால் சாய்க்கப் பார்க்கிறது. அவன் எடை முன்னால் சாய்க்கப் பார்க்கிறது. இரு திருப்புத்திறன்களும் சமமாக இருந்தால்தான் அவன் விழாமல் நிற்க முடியும். விசையை 1.4 ஆல் பெருக்கினால் 600 × 0.2, அதாவது 120 வர வேண்டும். ஆக அவனால் தர முடிந்த விசை ஏறத்தாழ 86 நியூட்டன்தான்.

இப்போது அவன் கால்களைப் பின்னுக்கு வைத்து நன்றாகச் சாய்கிறான். கை தொடும் உயரம் 1 மீட்டர். ஈர்ப்பு மையம் பாதங்களுக்கு 0.6 மீட்டர் முன்னால். இப்போது விசை 360 நியூட்டன்! அதே மாணவன், அதே 60 கிலோகிராம், ஆனால் விசை நான்கு மடங்குக்கு மேல். அவன் இரண்டு கிலோகிராம் கூடுவதால் வரும் இலாபத்தை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஜப்பானியர் ஏன் தாழ்வாகக் குனியப் பழகினார்கள் என்பது விளங்கும்.

எட்டுப் பேர் எட்டு ஆவதில்லை

அடுத்தது கூட்டல். எடைகள் எல்லாம் ஒரே திசையில் செயல்படுவதால் அவற்றைத் தயங்காமல் கூட்டலாம். தள்ளும் விசைகளை அப்படிக் கூட்ட முடியாது. அவற்றுக்குத் திசை வேறுபடும். இருவர் தலைக்கு 1,000 நியூட்டன் தள்ளுகிறார்கள். ஆனால் இருவரும் நேர்கோட்டிலிருந்து 30 பாகை இடமும் வலமுமாக விலகித் தள்ளுகிறார்கள் என்றால் தொகுவிசை 2,000 அல்ல, 1,732 நியூட்டன்தான். மீதி நடுவில் இருப்பவரை நெருக்கப் பயன்படும்.

நேரமும் முக்கியம். ஊர் கூடித் தேர் இழுக்கிறோம். பாரம் தூக்குபவர்கள் "ஐலசா" என்று குரல் கொடுக்கிறார்கள். எல்லாருடைய விசையும் ஒரே கணத்தில் சேர வேண்டும் என்பதற்கே அந்தக் குரல். பிரெஞ்சு வேளாண் பொறியியலாளர் மாக்ஸ் ரிங்கல்மான், மனிதர்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்து, 1913-இல் முடிவுகளை வெளியிட்டார். தனியாக இழுப்பவரின் விசையை 100 என்று கொண்டால், இருவர் சேரும்போது தலைக்கு 93, மூவரானால் 85, எட்டுப் பேரானால் 49. எட்டுப் பேர் சேர்ந்து ஏறத்தாழ நான்கு பேரின் வேலையைத்தான் செய்தார்கள்! விசைகள் ஒருங்கே சேராதது ஒரு காரணம். கூட்டத்தில் ஒருவர் இன்னொருவர்மீது பாரத்தைப் போட்டுவிடுவது மற்றொன்று.

ரக்பியிலும் இதை அளந்திருக்கிறார்கள். நியூசிலாந்தில் ஆட்டக்காரர்களைத் தனித்தனியாகவும் பின்னர் எட்டுப் பேராகவும் ஸ்க்ரம் இயந்திரத்தைத் தள்ளவைத்த ஓர் ஆய்வு 2000-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. தனித்தனி விசைகளின் கூட்டுத்தொகையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கே அணியின் விசையாகக் கிடைத்தது. மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே வீணாகிறது. எடைப் பட்டியலில் 30 கிலோகிராம் வேறுபாட்டுக்காக வாதாடுபவர்கள் இந்த இழப்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

எடைக்கு வேலையே இல்லையா?

இப்படிக் கேட்கும் மாணவரும் இருப்பார். கேள்வி சரியானதுதான். எடை கூடினால் தரையில் பிடிப்பு கூடும். மோதும்போது உந்தம் கூடும். தென்னாப்பிரிக்கா கனத்த ஸ்க்ரமைக் கொண்டே பின்னர் சாதித்தது. 2019 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இங்கிலாந்தை 32-12 என்று வென்றபோதும், 2023 அரையிறுதியில் அதே இங்கிலாந்தை 16-15 என்று வென்றபோதும், ஸ்க்ரமில் கிடைத்த தண்டனை உதைகள் பெரும்பங்கு வகித்தன.

ஆனால் 2019 இறுதியாட்டத்தைக் கூர்ந்து பாருங்கள். முன்வரிசையின் வலது ஓரத்தில் நிற்பவருக்கு டைட்ஹெட் ப்ராப் என்று பெயர். இரு முன்வரிசைகளின் தலைகளும் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோத்துக்கொள்வதால், அவருடைய இரு தோள்களிலும் எதிரிகள் அழுத்துவார்கள். இடது ஓரத்தில் நிற்பவருக்கு ஒரு தோள் வெளியே இருக்கும். வலது ஓரம் பின்வாங்கினால் ஸ்க்ரம் முழுவதும் திருகிக்கொள்ளும். அன்று இங்கிலாந்தின் டைட்ஹெட் கைல் சின்க்லர் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே தலையில் அடிபட்டு வெளியேறினார். மாற்றாக வந்த டான் கோல் மெலிந்தவரும் அல்லர், அனுபவமற்றவரும் அல்லர். ஆயினும் ஏறத்தாழ முழு ஆட்டத்தையும் அவரே தாங்க வேண்டியதாயிற்று. எதிரணியோ மாற்று ஆட்டக்காரர் எட்டுப் பேரில் ஆறு பேரை ஸ்க்ரம் ஆட்களாகவே வைத்திருந்து, இரண்டாம் பாதியின் தொடக்கத்திலேயே களைக்காத ஆட்களை முன்வரிசையில் இறக்கியது. எடைப் பட்டியலில் களைப்புக்கு ஒரு கட்டம் இருக்கிறதா? தோள் எந்த இடத்தில் நிற்கிறது என்பதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா? இல்லை.

கழுத்துக்கு வரும் ஆபத்து

இதுவரை சொன்னது வெற்றி தோல்வி பற்றியது. இனிச் சொல்வது அதைவிடப் பெரியது.

எட்டுப் பேரின் 900 கிலோகிராம் நிறை, வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் மோதி நிற்கிறது என்று கொள்வோம். உந்தம் 1,800 அலகு. அது 0.2 வினாடியில் நின்றால் சராசரி விசை 9,000 நியூட்டன், 0.1 வினாடியில் நின்றால் 18,000 நியூட்டன். கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னுக்கு இழுப்பது நேரத்தைக் கூட்டத்தான். ஸ்க்ரமில் முன்வரிசையில் நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது. பின்னால் ஐவர் தள்ளுகிறார்கள்.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விசை உணரிகள் பொருத்திய இயந்திரத்தில் இதை அளந்தார்கள். சர்வதேசத் தர ஆண்கள் அணி மோதும் கணத்தில் 16,500 நியூட்டன். பின்னர் தொடர்ந்து தள்ளும்போது 8,300 நியூட்டன். மோதலின் உச்சவிசை தொடர்விசையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு! இரண்டும் 2013-இல் வெளியான முடிவுகள். அந்த உச்சம் ஒரு கணமே இருக்கிறது. அந்தக் கணத்தில் தலை சற்றுக் கோணலாக இருந்தாலோ ஸ்க்ரம் சரிந்தாலோ கழுத்தெலும்பு விலகித் தண்டுவடம் நசுங்கலாம். அப்படி வாழ்நாள் முழுவதும் கைகால் அசையாமல் போன ஆட்டக்காரர்கள் உண்டு.

அளந்து பார்த்ததன் பயனாக 2013-இல் விதி மாற்றப்பட்டது. முன்வரிசையின் ஓரங்களில் நிற்பவர்கள், மோதுவதற்கு முன்பே எதிரெதிரே ஒருவர் சட்டையை மற்றவர் பற்றிக்கொள்ள வேண்டும். இடைவெளி குறைகிறது, வேகம் குறைகிறது, மோதல் விசை ஏறத்தாழ கால் பங்கு குறைந்தது. 19 வயதுக்குட்பட்டோர் ஆட்டத்தில் ஸ்க்ரமை 1.5 மீட்டருக்கு மேல் தள்ளக் கூடாது என்றும் விதி இருக்கிறது.

நியூசிலாந்தின் அனுபவம் இன்னும் தெளிவானது. அங்கே 2001 முதல் எல்லாப் பயிற்சியாளர்களுக்கும் நடுவர்களுக்கும் பாதுகாப்பான முறைகளைக் கட்டாயமாகக் கற்பித்தார்கள். சரியாகக் குனிவது, முதுகை நேராக வைப்பது, சேர்ந்து இயங்குவது ஆகியவை அதில் அடங்கும். முந்தைய ஆண்டுகளின் போக்குப்படி 2001 முதல் 2005 வரை ஸ்க்ரமினால் 9 பேருக்குத் தண்டுவடக் காயம் ஏற்பட்டிருக்க வேண்டும். ஏற்பட்டது ஒருவருக்கு மட்டுமே.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நேரான முதுகு, தாழ்ந்த நிலை, ஒரே கணத்தில் இயங்குதல் - விசையைக் கூட்டுவதும் இவைதாம்; கழுத்தைக் காப்பதும் இவைதாம். எடையைக் கூட்டிக்கொண்டே போவதோ மோதலின் உந்தத்தையும் கூட்டிவிடுகிறது.

என்ன செய்யலாம்?

ரக்பி நாடுகளின் பள்ளிப் பயிற்சியாளர்களிடம் சொல்ல வாய்ப்புக் கிடைத்தால் நான் சொல்வது இதுதான். வளர்ச்சி முந்தி வந்த பருத்த பையனை, பருத்திருக்கிறான் என்பதற்காகவே முன்வரிசையில் நிறுத்தாதீர்கள். அவனுக்குக் கழுத்துத் தசையும் பழக்கமும் அந்த அளவுக்கு வளர்ந்திருக்க வேண்டும் என்பதில்லை. வளர்ச்சி பிந்திய பையனை எடைக்காக ஒதுக்காதீர்கள். அளவுக்கு மீறித் தின்னச் சொல்லி எடை ஏற்றவும் ஏற்றாதீர்கள். எட்டுப் பேரையும் இயந்திரத்தில் தள்ளவிட்டு, தனித்தனி விசைகளில் எத்தனை பங்கு ஒன்றுசேர்கிறது என்று அளந்து பாருங்கள். அந்தப் பங்கு கூடுகிறதா என்பதே பயிற்சியின் தேர்வு. நியூசிலாந்தில் 85 கிலோகிராமுக்கு உட்பட்டவர்களுக்கென்றே பெரியவர்களின் கழகப் போட்டி நடத்துகிறார்கள். எடை குறைந்தவர்களும் ஸ்க்ரமில் ஆட முடியும் என்பதற்கு அதுவே சான்று.

நம்மில் பெரும்பாலோர் ரக்பி ஆடுவதில்லை. ஆயினும் இந்தப் பாடம் நமக்கும் வேண்டும். யாராவது சில எண்களைக் கூட்டிக் காட்டி ஒரு முடிவைச் சொன்னால், அந்த எண்கள் கூட்டத்தக்கவைதாமா, நமக்கு வேண்டியதைத்தான் அவை அளக்கின்றனவா என்று கேட்டுப் பழகுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். ஏறி நின்று எடை பார்க்கும் சிறிய எடைப்பொறி ஒன்றைச் சுவரில் மார்பு உயரத்தில் வைத்து, நண்பர் ஒருவரைப் பக்கத்தில் இருந்து பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் நிமிர்ந்து நின்று இரு கைகளாலும் தள்ளுங்கள். பிறகு கால்களைப் பின்னுக்கு வைத்துச் சாய்ந்து, இன்னும் தாழ்வாக வைத்துத் தள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் முள் காட்டும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். வழுவழுப்பான தரையில் ஒரு முறை, சொரசொரப்பான தரையில் ஒரு முறை செய்து பாருங்கள். தலையால் முட்டவோ, ஓடிவந்து மோதவோ வேண்டாம். கைகளால் மெதுவாகத் தள்ளினால் போதும். உங்கள் எடை அதேதான். முள் காட்டும் அளவுகள் மட்டும் ஏன் வேறுபடுகின்றன என்று உங்கள் ஆசிரியரோடு கலந்து பேசுங்கள்.